இசையரங்கம் நல்ல நிலையில் உள்ளது

வந்திருந்தவர்கள்: மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். அதே குழுவின் பொறியாளர். ஒலி வல்லுநர். வரலாற்றாசிரியர். குறிப்பெடுப்பதற்காக எழுத்தரம்மா. பொறுப்பை ஒப்படைப்பவர் என்ற முறையில் அரங்கக் காப்பாளர்.

வராதவர்: பொறுப்பை ஏற்பவர். இன்னும் நியமிக்கப்படவில்லை.

கூட்டம் நடந்த இடம் என்று எழுதிவிட்டு எழுத்தரம்மா பேனாவை நிறுத்தினார். முன்வரிசை என்று போடுவதா, நடுவரிசை என்று போடுவதா என்று காப்பாளரைக் கேட்டார். காப்பாளர் எழுந்துபோய்த் தெருவோரச் சாக்கடையிலிருந்து காலடி வைத்து அளந்துகொண்டே வந்தார். நாற்பத்தொன்றாவது அடியில் தலைவரின் நாற்காலியில் முட்டிக்கொண்டு நின்றார்.

"நாம உக்காந்திருக்கறது மேடைங்க," என்றார்.

எழுத்தரம்மா 'மேடை' என்று எழுதினார். தலைவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நகர இசையரங்கம் இடிக்கப்பட்டு மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. அது நின்ற இடத்தில் இப்போது முழங்கால் உயரப் புல், சாக்கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் காப்பாளர். இடித்தது நகர விரிவாக்கத் துறை. அந்த வழியாக ஒரு சாலை வருவதாக இருந்தது. இடித்து முடித்த பிறகு சாலை வேறு பக்கமாகப் போய்விட்டது.

இடிப்பதற்கு முன் இடிக்கப்படும் கட்டடத்துக்கே பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினார்கள். அரங்க மேலாளருக்கு என்று முகவரி போட்டிருந்தது. மேலாளர் பதவி பதினொரு வருடமாகக் காலி. இயந்திரங்கள் செவ்வாய்க்கிழமை வந்தன, தபால்காரர் வியாழக்கிழமை வந்தார். காப்பாளர் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தபால்காரர் நேர்மையானவர். மேலாளரைத் தவிர யாரிடமும் கொடுக்க முடியாது என்றுவிட்டார். திருப்பி அனுப்பும் தபாலில் குத்துவதற்கு அவரிடம் மூன்று முத்திரைகள் இருந்தன: வெளியூர் போயிருக்கிறார், கதவு பூட்டியிருக்கிறது, வாங்க மறுத்தார். இல்லாத கதவைப் பூட்டியிருக்கிறது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வெளியூர் என்பதும் பொருந்தவில்லை. மூன்றாவதைக் குத்தினார்.

ஆக, கோப்பின்படி, இசையரங்கம் தன்னை இடிக்கப்போகும் அறிவிப்பை வாங்க மறுத்துவிட்டது. அறிவிப்பை வாங்காத கட்டடத்தை இடிக்க முடியாது. இடிக்க முடியாத கட்டடம் நின்றுகொண்டிருக்கிறது.

காப்பாளர் முதல் வாரம் நாட்குறிப்பில் 'கட்டடம் இல்லை' என்று எழுதினார். பத்து நாளில் குழு அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. நாட்குறிப்பு சொந்தக் கருத்துகளை எழுதும் இடம் அல்ல என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு 'திறந்தேன்' என்றும் மாலை ஆறு மணிக்கு 'சாத்தினேன்' என்றும் எழுதிவந்தார். புதன்கிழமைகளில் 'நாற்காலிகளைத் தூசு தட்டினேன்.' ஆரம்பத்தில் எழுதக் கூச்சமாக இருந்தது. அதனால் புதன்கிழமைகளில் துடைப்பத்தோடு புல்லுக்குள் வரிசை வரிசையாக ஒரு நடை நடந்துவிட்டு வந்து எழுதினார். பிறகு அந்தக் கூச்சமும் போய்விட்டது. நடை மட்டும் நிற்கவில்லை.

ஓய்வு பெறும் வயது அவருக்கு ஒன்பது மாதம் முன்பே வந்துவிட்டது. ஆனால் பொறுப்பை ஒப்படைக்காமல் விடுவிப்பு ஆணை கிடைக்காது. கட்டடத்தைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது அதற்கான விதி.

மனைவி மூன்று வருடமாக மகள் வீட்டில் இருந்தாள். ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவு. அரங்கத்தின் பின்புறம் இருந்த காப்பாளர் குடியிருப்பும் சேர்ந்தே போனதால், ஒரு பெட்டியோடும் தையல் இயந்திரத்தோடும் அன்றைக்கே கிளம்பியவள். இப்போது கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு.

திங்கட்கிழமை கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் அவள் தொலைபேசியில் பேசினாள். கையெழுத்துப் போட ஆள் வேண்டுமா என்று அவர் கேட்டார்.

"கையெழுத்துக்கு மாப்பிள்ள இருக்காரு. அதுக்காக உங்களக் கூப்பிடல," என்றாள். "மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிச்சா எதிர்ல மாப்பிள்ள மூஞ்சியா தெரியணும்?"

"கட்டடத்த ஒப்படைக்கணுமே."

"அதான் இல்லையே."

"இல்லாததாலதான் நேரமாவுது."

வெள்ளிக்கிழமை வரவில்லை என்றால் சனிக்கிழமையும் வர வேண்டாம், அதற்கப்புறம் எந்தக் கிழமையும் வர வேண்டாம் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

சொல்லாமல் கிளம்பிப் போய்விடலாம் என்றால் கரடி வழக்கு குறுக்கே வந்தது. அருங்காட்சியகக் காவலர் ஒருவர் தம்பி கல்யாணத்துக்குப் பொறுப்பை ஒப்படைக்காமல் இரண்டு நாள் போனார். திரும்பி வந்தபோது பஞ்சடைத்த கரடி ஒன்றைக் காணவில்லை. பதினாலு வருடம் வழக்கு நடந்தது. கரடி மாடிப்படிக்கு அடியில் கிடைத்த பிறகும் நடந்தது, அது காணாமல்போன கரடிதான் என்பதற்குச் சாட்சி இல்லாததால். ஒரு கரடிக்கே இப்படி என்றால், ஆயிரத்து நூற்று அறுபது இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனவனை என்ன செய்வார்கள் என்று காப்பாளர் யோசித்துப் பார்த்தார். யோசனை பாதியிலேயே நின்றுவிட்டது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினார். அரங்கத்தின் மன உறுதியைப் பாராட்டினார். எத்தனையோ கட்டடங்கள் ஒரு தபாலுக்குப் பணிந்துபோன காலத்தில் இது ஒன்றுதான் வாங்க மறுத்தது என்றார். தன் பதவிக் காலத்தில் குழுவின் பட்டியலில் இருந்து ஒரு கட்டடம்கூடக் குறையவில்லை என்பதை எழுத்தரம்மாவை இரண்டு முறை குறித்துக்கொள்ளச் சொன்னார். காப்பாளர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஐயா கண்ணுக்கு இங்க ஏதாச்சும் தெரியுதுங்களா?"

தலைவர் கோபப்படவில்லை. இந்தக் கேள்வியை அவர் பல வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது.

"தனி மனுஷனா பாத்தா எனக்கு இங்க புல்லுதான் தெரியுது," என்றார். "ஆனா நான் தனி மனுஷனா வரல. தலைவரா வந்திருக்கேன். தலைவரா பாக்கும்போது கட்டடம் நல்லா இருக்கு. வீட்டுக்குப் போனதும் மறுபடி புல்லு தெரியும். அது என் சொந்த விஷயம்."

அன்றைக்கே பொறியாளர் ஆய்வைத் தொடங்கினார். பொறுப்புப் பட்டியல் காப்பாளர் கையில் இருந்தது. அறுபத்தெட்டு வருடத்துக்கு முன் அரங்கம் கட்டியபோது எழுதிய பட்டியல். பிறகு வந்தவர்கள் சேர்த்தார்கள், யாரும் எதையும் அடிக்கவில்லை. தூண்கள் பதினான்கு. பொறியாளர் கைத்தடியோடு நடக்க, காப்பாளர் ஒவ்வொரு தூணும் நின்ற இடத்தைக் காட்டினார். ஏழாவது தூணைத் தள்ளி நின்று காட்டினார். அது மேடைக்கும் நடு இருக்கைகளுக்கும் சரியாகக் குறுக்கே நின்ற தூண். அதற்குப் பின்னால் இருந்த பதினாறு இருக்கைகளை அழைப்பிதழோடு வரும் அதிகாரிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. நன்றாகத் தூக்கம் வரும் இடம் என்று பெயர் பெற்றிருந்தது.

பொறியாளர் குனிந்து புல்லைத் தடியால் விலக்கினார். விரிசல் இல்லை. ஈரக் கசிவு இல்லை. கரையான் இருந்தது, ஆனால் அது கட்டடத்தைச் சாப்பிடவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுத்தரம்மா எழுதினார்.

கூரைக்கு வந்தார்கள். பொறியாளர் தலையை அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷமா கூரை ஒழுகுது, கூரை ஒழுகுதுன்னு எழுதிக்கிட்டே இருந்தீங்களே. இப்ப ஒழுகுதா?"

"இல்லீங்க. நேராவே பெய்யுது."

"அப்போ ஒழுகல."

அந்தப் புகார் அன்று முடித்துவைக்கப்பட்டது. பழுது பார்ப்பதில் தன் துறை காட்டிய வேகத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று பொறியாளர் கேட்டுக்கொண்டார்.

படிக்கட்டுகள் மூன்று. முதல் இரண்டும் மேல்மாடத்துக்குப் போகும். மூன்றாவது, இருபத்தாறு படி ஏறினால் ஒரு சுவரில் போய் முடியும். இரண்டாவது மேல்மாடம் ஒன்று கட்டுவதாக இருந்து, படிகளைக் கட்டி முடித்த பிறகு மனம் மாறிவிட்டார்கள். படிகளை இடிக்கச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள். பாட்டு சரியாகப் போகாதவர்கள் போய் உட்கார்ந்து அழுவதற்கு அது வசதியாக இருந்தது. காப்பாளர் இதைச் சொன்னபோது பொறியாளர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். இப்போது அந்தச் சுவர் இல்லாததால் படிக்கட்டின் குறை நீங்கிவிட்டது என்று எழுதச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஒலி வல்லுநரின் நாள்.

அரங்கத்தைக் கட்டியவருக்கு இடது காது கேட்காது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கட்டி முடித்த பிறகு, வலது பக்க இருக்கைகளில் எல்லாம் தெளிவாகக் கேட்டது, இடது பக்க இருக்கைகளில் ஒரே எதிரொலியாக இருந்தது. மேடையில் ஒருவர் பாடி முடித்தால் இரண்டரை நொடி கழித்து அவரே மறுபடி பாடுவார். தாளம் போடுகிறவர் தனக்குப் பின்னால் இன்னொருவர் தப்பாகப் போடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார். சுமாரான கச்சேரிகளுக்கு இது நல்லதாக அமைந்தது. கைதட்டலும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்ததால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

எதிரொலி நீக்கத் துணைக்குழு என்று ஒன்று அமைத்தார்கள். ஒலி வல்லுநர் அதில் முப்பத்தொரு வருடம் இருந்தார். திரைச்சீலை தொங்கவிட்டார், கயிற்றுப் பாய் ஒட்டினார், கூரையில் பஞ்சு மூட்டைகளைக் கட்டினார். மூட்டை ஒன்று விழுந்து புல்லாங்குழல்காரர் ஒரு மாதம் கழுத்துப் பட்டையோடு திரிந்தார். கடைசியில், அரங்கம் நிறைய ஆள் வந்தால் எதிரொலி இருக்காது என்று துணைக்குழு கண்டுபிடித்தது. ஆள் வரவில்லை.

ஒலி வல்லுநர் மேடை இருந்த இடத்தில் நின்று ஒரு கையில் நிறுத்தற்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையால் தொடையில் ஓங்கித் தட்டினார். காத்திருந்தார். ஒரு காக்கை எழுந்து பறந்தது. வேறொன்றும் திரும்பி வரவில்லை. மறுபடி தட்டினார். பிறகு கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

"முப்பத்தொரு வருஷம்," என்றார். "என் சம்சாரம் அடிக்கடி கேப்பா, நீங்க செத்த பிறகாவது அது போகுமான்னு. இன்னிக்கு இந்த அரங்கத்துல ஒரு குறை இல்ல. எங்க உக்காந்தாலும் ஒரே மாதிரி கேக்குது. இத நான் எல்லா நகரத்துக்கும் சிபாரிசு பண்ணப்போறேன். சுவர்தான் பிரச்சினை. ஆரம்பத்துலேயே எனக்குத் தோணிச்சு, சின்ன வயசு, சொல்ல தைரியம் வரல."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஒருமுறைதான் கேட்டது. அவர் அதையும் ரசித்தார்.

பொறியாளர் மட்டும் கைதட்டாமல் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாற்பதாவது பக்கத்தில் விரலை வைத்தார். முந்தைய காப்பாளர் ஒருவர் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். அவர் எழுதியிருந்தார்: எதிரொலி, ஒன்று.

"எதிரொலி ஒண்ணு குறையுது," என்றார் பொறியாளர். "எங்க?"

காப்பாளர் முழித்தார். குறையாக இருந்தது போய்விட்டதே, நல்லதுதானே என்றார். குறை என்று பட்டியலில் இல்லை, ஒன்று என்றுதான் இருக்கிறது என்றார் பொறியாளர். பெற்றுக்கொண்டது ஒன்று, ஒப்படைப்பது பூஜ்யம், நடுவில் இருந்தவர் நீங்கள். எழுத்தரம்மா தலையைத் தூக்காமல் கரடி என்று முணுமுணுத்தார்.

அன்று மத்தியானம் முழுக்கக் காப்பாளர் அந்த மனையில் எதிரொலியைத் தேடினார். மூலைக்கு மூலை நின்று கைதட்டினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டு போனார்கள். நாலு மணிக்கு, சாக்கடை ஓரம், எதிரே புதிதாக எழும்பியிருந்த வாகனக் காப்பகத்தின் பக்கச் சுவரைப் பார்த்து நின்று தட்டியபோது மெலிதாக ஒன்று திரும்பி வந்தது. ஓடிப்போய்ப் பொறியாளரைக் கூட்டிவந்தார். பொறியாளர் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு எழுதச் சொன்னார்: எதிரொலி உள்ளது. இடம் மாறியிருக்கிறது. கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, பயன்பாட்டால் ஏற்பட்ட தேய்மானம்.

ஒலி வல்லுநர் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை வரலாற்றாசிரியர் தன் நூலிலிருந்து படித்துக்காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், கெட்டி அட்டை, வழவழப்பான தாள். 'நம் நகரின் நாதக்கோயில்' என்று தலைப்பு. அச்சாகி வந்துவிட்டது. சனிக்கிழமை அமைச்சர் வெளியிடுகிறார். கட்டியவரின் காது கேட்காமையை வரலாற்றாசிரியர் 'சமச்சீரின்மைக் கோட்பாடு' என்று ஓர் அத்தியாயமாக எழுதியிருந்தார். ஏழாவது தூண், பார்வையாளனைப் பார்வையிலிருந்து விடுவித்துச் செவியிடம் ஒப்படைக்கும் துணிச்சல். இரண்டாவது மேல்மாடத்துக்குப் பன்னிரண்டு பக்கம். முந்நூறு இருக்கைகள், வளைந்த கைப்பிடி, அங்கே நின்று கேட்டவர்கள் கண்ணீர் விட்ட விவரம்.

"அங்க சுவருங்க," என்றார் காப்பாளர்.

வரலாற்றாசிரியர் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வரைபடத்தில் மேல்மாடம் இருக்கிறது என்றார்.

"வரைபடத்துல இருந்துச்சுங்க. கட்டல."

"நீங்க அங்க எத்தனை வருஷம் வேலை பாத்தீங்க?"

"முப்பத்தி மூணு வருஷங்க."

"நான் நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்," என்றார் வரலாற்றாசிரியர். இரண்டில் எது பெரியது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதுபோல அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இடைவேளையில் தேநீர் குடித்துக்கொண்டே, தான் இந்த அரங்கத்துக்கு வந்தது இந்த வாரம்தான் முதல் தடவை என்றும், இசை கேட்டால் தனக்குத் தலைவலி வரும் என்றும் தலைவரிடம் சொன்னார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "நெனைச்சத விடப் பெருசா இருக்கு," என்றார்.

நூலின் கடைசி வரியைத் தலைவர் இரண்டாவது முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். 'புயலும் அரசியலும் அசைக்க முடியாத இந்த அரங்கம் இன்றும் கம்பீரமாக நின்றுகொண்டிருக்கிறது.'

அன்று மாலை மனைவி கூப்பிடவில்லை. மகள் கூப்பிட்டாள். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தாயிற்று, யார் வருகிறார்கள் என்று தாதி கேட்டதற்கு யாரும் வரவில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள் என்றாள். காப்பாளர் வியாழக்கிழமை மூன்று நாற்பது ரயிலுக்குச் சீட்டு எடுத்துவைத்திருந்தார். அதை மகளிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் நேராக 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியாயிற்று. விடுவிப்பு ஆணையைத் தட்டச்சு செய்து தலைவர் கோப்பில் வைத்திருந்தார். பொறுப்பை ஏற்பவர் என்ற இடம் மட்டும் காலி.

அப்போதுதான் எல்லோருக்கும் அந்த விஷயம் உறைத்தது. இந்தக் கட்டடத்தை ஏற்றுக்கொள்கிறவர் ஒருநாள் ஓய்வு பெறுவார். அன்று அவரும் இதை ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

பொறியாளர், மேற்பார்வை செய்கிறவனே பொறுப்பும் ஏற்றால் தன்னைத் தானே மேற்பார்வை செய்யும்படி ஆகும், அது முறையல்ல என்றார். ஒலி வல்லுநர் வரவில்லை, முதுகு வலி என்று ஆள் அனுப்பியிருந்தார். தலைவர் பதவிக்குக் கட்டடப் பொறுப்பு கிடையாது என்று தலைவரே விளக்கினார், கட்டடங்களின் மேல் அக்கறை மட்டும்தான் உண்டு. எல்லோரும் எழுத்தரம்மாவைப் பார்த்தார்கள்.

"எனக்கு வீட்டுல ஒரு மாமியார் பொறுப்பு இருக்கு," என்றார் அவர். "அதயே யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

மணி பன்னிரண்டானது. அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம் என்றார் தலைவர். எழுத்தரம்மா அதை எழுதத் தொடங்கினார். காப்பாளர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரலாற்றாசிரியர் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கிண்டல் இல்லை. நான்கு நாளாக ஒன்றும் புரியாமல் இருந்த மனுஷன் கடைசியாக ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஐயா, நீங்க படிச்சவரு. புஸ்தகத்துல எழுதினது உண்மைதானுங்களே?"

"ஒவ்வொரு வரியும்," என்றார் வரலாற்றாசிரியர்.

"கட்டடம் நிக்குது."

"நிக்குது."

"நிக்கற கட்டடத்த வாங்கிக்க எல்லாரும் ஏன் பயப்படறாங்க?"

வரலாற்றாசிரியர் நூலை மூடினார். தலைவர் நாற்காலியை மெல்ல அவர் பக்கம் திருப்பினார். பொறியாளரும் திருப்பினார். அந்த நான்கு நாளில் நாற்காலிகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பியது அப்போதுதான்.

"நான் எழுதறவன்," என்றார் வரலாற்றாசிரியர். "காவல் காக்கறவன் இல்ல."

"அதாவது ஏத்துக்க மறுக்கறீங்க," என்றார் எழுத்தரம்மா. "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். என்ன போடட்டும்? கட்டடம் இல்லன்னு போடட்டுமா?"

"அப்படி நான் சொல்லல."

"இருக்குன்னு போட்டா காரணம் பத்தாது."

தலைவர் இடையில் புகுந்து மிக அன்பாகப் பேசினார். சனிக்கிழமை அமைச்சர் வருகிறார் என்பதை நினைவூட்டினார். நூலாசிரியரே அரங்கத்தின் பொறுப்பை ஏற்றிருக்கிறார் என்றால் மேடையில் சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். ஏற்கவில்லை என்றால், ஏன் என்று யாராவது கேட்டால், கடைசி வரியை என்ன செய்வது என்று தனக்குக் கவலையாக இருக்கிறது என்றார். வரலாற்றாசிரியர் கெட்டி அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமைக்குப் பிறகு ராஜினாமா செய்துவிடலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். தாராளமாகச் செய்யலாம், பொறுப்பை ஒப்படைத்துவிட்டு என்றார் பொறியாளர்.

காப்பாளர் ஆணைக்குக் கை நீட்டினார். பொறியாளர் பத்தொன்பதாவது விதியை எடுத்தார். பொறுப்பை ஒப்படைப்பவர் குழுவினர் உள்ளே இருக்க, பிரதான வாயில் வழியாக வெளியேற வேண்டும். ஏற்பவர் உள்ளிருந்து கதவைச் சாத்திப் பூட்ட வேண்டும். பூட்டிய நேரமே விடுவிக்கப்பட்ட நேரம்.

மணி ஒன்று இருபது.

பிரதான வாயிலின் கதவு எங்கே என்று தலைவர் கேட்டார். நல்ல நிலையில் இருப்பதாகப் பொறியாளர் ஏற்கெனவே எழுதிவிட்டதால் இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. பளபளப்பு ஏற்றக் கழற்றியிருக்கிறது, வந்துவிடும் என்றார். தன் கிடங்குக்குப் பேசினார். கிடங்கில் ஒரே ஒரு கதவுதான் இருந்தது. பூங்காவில் இடித்த பொதுக் கழிப்பறையின் தகரக் கதவு, சட்டத்தோடு. இரண்டு மணிக்கு அதை ஒரு தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். காப்பாளர் மறுபடி காலடி வைத்து அளந்து வாயில் இருந்த இடத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் செங்கல்லை முட்டுக்கொடுத்துக் கதவை நிறுத்தினார்கள். மேலே 'பெண்கள்' என்று எழுதியிருந்ததை எழுத்தரம்மா பச்சை மையால் அடித்தார்.

காப்பாளர் புதிய காப்பாளரிடம் நாற்பத்து மூன்று சாவிகள் கொண்ட வளையத்தைக் கொடுத்தார். பத்தாவது சாவி கொஞ்சம் மக்கர் பண்ணும், இழுத்துப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்றார். துடைப்பத்தைக் கொடுத்தார். நாட்குறிப்பைக் கொடுத்தார்.

"காலையில ஆறு மணிக்குத் தெறந்தேன்னு எழுதணும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாத்தினேன்னு எழுதணும். புதன்கிழமை தூசு தட்டணும்."

"எதை?" என்றார் வரலாற்றாசிரியர்.

"மொத வாரம் எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு," என்றார் காப்பாளர்.

எல்லோரும் உள்ளே வந்து நின்றார்கள். அதாவது கதவுக்கு இந்தப் பக்கம். மணி இரண்டே முக்கால். ரயில் நிலையம் நடையில் அரை மணி. உச்சி வெயில் இன்னும் இறங்கவில்லை. தலைவரின் வழுக்கையிலிருந்து வியர்வை காதோரமாக வழிந்துகொண்டிருந்தது. பொறியாளர் கோப்பைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். தலைவர் ஆணையைக் கொடுத்து, காப்பாளரின் கையைக் குலுக்கி, கையை விடாமல் கதவிடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"வெளியே என்ன வெயில் கொளுத்துது," என்றார். "கொஞ்ச நேரம் உள்ளேயே உக்காந்துட்டு, தாழ்ந்ததும் போங்களேன்."

"ரயிலுக்கு நேரமாச்சுங்க," என்றார் காப்பாளர்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவு சின்னதாக இருந்ததால் குனிந்துதான் போக வேண்டியிருந்தது. போனார். பின்னால் தகரம் சட்டத்தில் மோதிச் சாத்திக்கொண்டது. சாவி ஒருமுறை திரும்பி, மாட்டி, மறுபடி திரும்பியது. எழுத்தரம்மா நேரத்தைச் சத்தமாகச் சொன்னார்.